முடிவிலியை எண்ணாக எடுக்கலாமோ? ∞ − ∞ எழுதின பிள்ளைக்கு என்ன சொல்லித் திருத்துறது?

#1 வட்டக்கச்சி

இணைந்த கணிதம், எல்லைகள் அலகு. கணக்கு இது:

க → ∞ ஆகும்போது √(க² + 6க) − க என்பதன் எல்லைப் பெறுமானம் காண்க.

விடை 3. ஆனா ஒரே கட்டு விடைத்தாளில மூண்டு விதமா வருகுது. ஒண்டு, "∞ − ∞ = 0". மற்றது, "க மெத்தப் பெரிசாகேக்கை க² க்குப் பக்கத்தில 6க ஒண்டுமில்லை, அதை விட்டால் க − க = 0". மூண்டாவது, இணைக் கோவையால, அதாவது √(க² + 6க) + க ஆல, மேலயும் கீழயும் பெருக்கி ஒழுங்காச் செய்து 3 எடுத்தது.

முதல் வகைக்கு "முடிவிலி எண் அல்ல" எண்டு சிவப்பால எழுதிவிடுறது வழக்கம். ஆனா சரியாச் செய்த மூண்டாவது வகையிலயும் கடைசிக்கு முதல் வரியில "6/∞ = 0" எண்டுதான் நிக்குது. அதுக்கு முழுப்புள்ளி. கழிக்கேக்கை எண் இல்லை, வகுக்கேக்கை எண்ணோ? பிள்ளை இப்பிடிக் கேட்டால் என்ன மறுமொழி? "பாடத்திட்டத்தில அப்பிடித்தான்" எண்டது மறுமொழி ஆகாது. விளங்கினவை சொல்லுங்கோ.

#2 அறிவியல்நகர்

அந்தக் கோவையைக் கணினியில ஓட்டினால் நல்லா வெளிக்கும். பைதன் நிரல் மொழியில வாற சாதாரண தசம எண், 64 பிற் மிதவை எண். க வுக்கு ஒவ்வொரு பெறுமானமாப் போட வாற விடை:

100 → 2.9563
10,000 → 2.99955
10²⁰ → 0
10²⁰⁰ → முடிவிலி
முடிவிலி → "எண் அல்ல"

ஒரே கோவை, ஐஞ்சு விடை. முதல் ரெண்டும் 3 ஐ நோக்கி ஒழுங்காப் போகுது. மூண்டாவதில பிழைக்குது, ஏனெண்டால் இந்த வகை எண்ணில நிலைக்கிறது கிட்டத்தட்ட 16 இலக்கம் மட்டும்தான். க² = 10⁴⁰, 6க = 6 × 10²⁰. ரெண்டுக்கும் இடையில 19 இலக்க இடைவெளி இருக்கிறதால கூட்டேக்கை 6க முழுசா அழிஞ்சு போகுது. மிச்சம் க − க. உங்கட ரெண்டாவது வகைப் பிள்ளை செய்ததைத்தான் கணினியும் செய்யுது.

நாலாவதில க² = 10⁴⁰⁰. இந்த வகை எண்ணின்ர உச்சம் ஏறக்குறைய 1.8 × 10³⁰⁸. அதைத் தாண்டினால் பெட்டிக்குள்ள முடிவிலிக் குறி விழும். பிறகு அதில இருந்து 10²⁰⁰ ஐக் கழிச்சாலும் முடிவிலிதான். (பைதனில கவனிக்க வேண்டியது: 10²⁰⁰ ஐத் தன்னாலயே பெருக்கினால் முடிவிலி வரும். அடுக்குக் குறி போட்டு வர்க்கம் எடுத்தால் வழுச் செய்தி காட்டி நிண்டுவிடும்.) ஐஞ்சாவதில ∞ − ∞. கணினி அதுக்குப் பெறுமானம் குடுக்க மறுத்து "எண் அல்ல" எண்டு சொல்லுது.

இப்ப இணைக் கோவையால பெருக்கிச் சுருக்கின வடிவத்தைப் போடுங்கோ:

6 ÷ (√(1 + 6/க) + 1)

10²⁰ → 3. 10²⁰⁰ → 3. முடிவிலி → 3. கடைசியில க இருந்த இடத்தில முடிவிலியையே எண்ணாப் போட்டிருக்கு: 6/∞ = 0, √1 + 1 = 2, 6/2 = 3. மூண்டாவது வகைப் பிள்ளை எழுதினதும் இந்த வரிசைதான்.

ஆகவே கணினிக்கு முடிவிலி ஒரு பெறுமானம்தான். 1985 இல வந்த ஐ.ஈ.ஈ.ஈ. 754 நியமம் அதுக்குத் தனி வடிவம் ஒதுக்கியிருக்கு: அடுக்குக்குரிய 11 பிற்றும் 1, பின்னத்துக்குரிய 52 பிற்றும் 0. பின்னப் பகுதியில ஒரு பிற்றாவது 1 ஆனால் அது "எண் அல்ல". அந்த "எண் அல்ல" தன்னோடயே சமன் இல்லை, எதோட ஒப்பிட்டாலும் "பெரிசோ, சிறிசோ, சமனோ" மூண்டுக்கும் "இல்லை" எண்டுதான் வரும். நிரலில ஒருக்கா நுழைஞ்சால் கூட்டிப் பெருக்கிற எல்லாத்தையும் தன்னைப் போலவே ஆக்கிவிடும்.

#3 பம்பைமடு

வட்டக்கச்சி அண்ணையின் கேள்விக்கு நேரடியான மறுமொழி இருக்கிறது. அதற்கு முன் ஒன்று: "இது எண்ணா?" என்று கேட்கும்போது எந்த எண் தொடையில் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். −3 இயற்கை எண் அல்ல, ஆனால் நிறையெண். √2 விகிதமுறு எண் அல்ல, ஆனால் மெய்யெண். ∞ மெய்யெண் அல்ல. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை, இரண்டே வரியில் நிறுவலாம்.

∞ + 1 = ∞ என்று வைத்து இரு பக்கமும் ∞ ஐக் கழித்தால் 1 = 0.

1/0 = ∞ என்று வைத்தால் 0 × ∞ = 1. இரண்டால் பெருக்க 2 × (0 × ∞) = 2. அடைப்பை நகர்த்தினால் (2 × 0) × ∞ = 0 × ∞ = 1. ஆகவே 2 = 1.

மெய்யெண்களின் எல்லா விதிகளையும் வைத்துக்கொண்டு ∞ ஐயும் உள்ளே விடமுடியாது என்பதைத்தான் இவை காட்டுகின்றன. சில விதிகளை விட்டுக்கொடுக்கத் தயார் என்றால் உள்ளே விடலாம். +∞, −∞ என்ற இரண்டையும் மெய்யெண் கோட்டின் இரு முனைகளிலும் சேர்த்தால் வருவது விரிவாக்கிய மெய்யெண் கோடு. அங்கே ∞ + 5 = ∞, 2 × ∞ = ∞, 6/∞ = 0 எல்லாம் செல்லும். ∞ − ∞, 0 × ∞, ∞/∞ மூன்றும் செல்லாது. கணினி பின்பற்றுவதும் பெரும்பாலும் இதையே.

ஏன் சில செல்லும், சில செல்லாது? இங்கேதான் அண்ணைக்கான மறுமொழி. பகுதி எந்த வழியால் முடிவிலிக்குப் போனாலும், மெதுவாகப் போனாலும் விரைவாகப் போனாலும், 6 ஐ அதனால் வகுத்தால் 0 ஐத்தான் அணுகும். வழி எதுவானாலும் விடை ஒன்று. ஆகவே 6/∞ = 0 என்று சுருக்கி எழுதினால் தீங்கு இல்லை. ∞ − ∞ அப்படி இல்லை:

(க + 5) − க → 5
2க − க → ∞
க − க² → −∞
√(க² + 6க) − க → 3

நாலும் ∞ − ∞ வடிவம், நாலுக்கும் நாலு விடை. "∞ − ∞" என்று எழுதிய நிமிடத்தில் எந்த வழியால் வந்தோம் என்ற தகவல் தொலைந்துவிடுகிறது. தொலைந்த தகவலை 0 என்று நிரப்பியதுதான் பிழை. சிவப்பால் எழுதவேண்டியது "முடிவிலி எண் அல்ல" என்பது அல்ல. "இந்த வடிவம் விடையைத் தீர்மானிக்காது, சுருக்கிவிட்டுப் பார்க்க" என்பதே சரியான குறிப்பு.

#4 முறிகண்டி

வகுப்பில காட்டுறதுக்கு: நெல்லு மூடை 1, 2, 3 எண்டு இலக்கம் போட்டு முடிவில்லாமல் அடுக்கியிருக்கு எண்டு வையுங்கோ. அதில இருந்து முடிவில்லாத மூடை எடுக்கிறம். எல்லாத்தையும் எடுத்தால் மிச்சம் 0. ஆறாம் மூடையில இருந்து எல்லாத்தையும் எடுத்தால் மிச்சம் 5. இரட்டை இலக்கம் போட்டதுகளை எடுத்தால் ஒற்றை இலக்கம் எல்லாம் அப்பிடியே கிடக்கும், மிச்சம் முடிவிலி. இருந்ததும் முடிவிலி, எடுத்ததும் முடிவிலி, எதை எடுத்தது எண்டு சொல்லாமல் மிச்சத்தைச் சொல்லேலாது.

#5 நெடுங்கேணி

வணக்கம் சேர். பம்பைமடு சேர் 1/0 = ∞ எண்டால் 2 = 1 வரும் எண்டு எழுதியிருக்கிறார். ஆனா பௌதிகவியலில குவிவு வில்லையின்ர குவியத்தில பொருளை வைச்சால் விம்பம் முடிவிலியில எண்டு எழுதுறம். அது 1/0 = ∞ தானே? நிலைக்குத்துக் கோட்டின்ர படித்திறனும் ∞ எண்டு சொல்லுகினம், ஆனா +∞ ஓ −∞ ஓ எண்டு ஒருதரும் சொல்லுறேல்லை.

#6 ஒட்டுசுட்டான் ரீச்சர்

தம்பி, ரெண்டு கேள்விக்கும் மறுமொழி ஒண்டுதான், அது அந்த வில்லைக்குள்ளேயே இருக்கு. குவியத் தூரம் 10 சென்ரிமீற்றர் எண்டு எடுங்கோ. குறி வழக்கை விட்டு, பொருள் தூரமும் மெய்விம்பத் தூரமும் நேர் எண்டு வைச்சால்:

1/விம்பத்தூரம் = 1/10 − 1/பொருள்தூரம்

பொருளை 10.1 இல வைச்சால் விம்பத்தூரம் 1010 செ.மீ. வில்லைக்கு மற்றப் பக்கம் 10.1 மீற்றரில மெய்விம்பம். பொருளை 9.9 க்கு நகர்த்தினால் −990 செ.மீ. பொருள் இருக்கிற பக்கமே 9.9 மீற்றரில மாயவிம்பம். பொருள் நகர்ந்தது 2 மில்லிமீற்றர், விம்பம் +1010 இல இருந்து −990 க்குப் போயிற்று. அது நடுவில 0 ஐத் தாண்டிப் போகேல்லை, முடிவிலியைத் தாண்டிப் போயிருக்கு. வலப்பக்கத்தால வெளிக்கிட்டு இடப்பக்கத்தால உள்ளுக்கு வருது. இந்தப் பாடத்தில +∞ உம் −∞ உம் ஒரே புள்ளி. கோட்டின்ர ரெண்டு நுனியையும் பிடிச்சு முடிஞ்ச வட்டம் மாதிரி.

படித்திறனும் அப்பிடியே. ஒரு கோட்டை நிலைக்குத்தைத் தாண்டிச் சுழட்டினால் படித்திறன் 1000, 10000 எண்டு ஏறி, தாண்டின உடனை −10000 ஆகிடும். நிலைக்குத்துக் கோடு ஒண்டுதான், அதால ∞ உம் ஒண்டுதான். அங்க 1/0 = ∞ எண்டு குறி இல்லாமல் எழுதலாம். விலை என்னெண்டால் "பெரிசு, சிறிசு" எண்ட ஒழுங்கு போயிடும். 0 × ∞ அங்கயும் வரையறை இல்லை, அதால சேர் காட்டின 2 = 1 வராது.

ஒண்டு கவனியுங்கோ. தூரத்தை விட்டுத் தலைகீழை எடுத்தால் முடிவிலி எங்கயும் வராது. கண்ணாடிக்கடைக்காரர் வில்லையைக் குவியத் தூரத்தால சொல்லமாட்டினம், தயொத்தரில வலுவைச் சொல்லுவினம், 1 ஐ மீற்றரில் குவியத் தூரத்தால வகுத்தது. 10 செ.மீ. வில்லை +10. வெறும் தட்டைக் கண்ணாடிக்குக் குவியத் தூரம் முடிவிலி, வலு வெறும் 0. ரெண்டு வில்லையை ஒட்டவைச்சால் வலுக்களைக் கூட்டினால் போதும். தட்டைக் கண்ணாடியை ஒட்டினால் 0 கூடும், ஒண்டும் மாறாது. முடிவிலி இடைஞ்சல் தாற இடத்தில அதின்ர தலைகீழில கணக்கைச் செய்தால் அது சாதாரண பூச்சியம். அறிவியல்நகர் தம்பி சுருக்கின வடிவத்திலயும் க எங்கயும் தனிய இல்லை, 6/க ஆத்தான் இருக்கு, கண்டனீங்களோ?

இன்னொரு காட்சி. மாங்குளம் புகையிரதத் தண்டவாளத்துக்கு நடுவில நிண்டு நேரா ஒரு படம் எடுங்கோ. தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீற்றர். கமராவின்ர குவியத் தூரம் படப்புள்ளியில 3000 எண்டு வைச்சால், 10 மீற்றரில ரெண்டு தண்டவாளமும் படத்தில 503 புள்ளி அகலம், 100 மீற்றரில 50, ஒரு கிலோமீற்றரில 5. முடிவிலியில 0, அந்த இடம் படத்திலேயே இருக்கு, விரல் வைச்சுக் காட்டலாம். நிலத்தில போய்ச் சேரேலாத இடத்துக்குப் படத்தில சாதாரண ஆள்கூறு கிடைக்குது. எறிய வடிவகணிதத்தில அதுவும் மற்றப் புள்ளியளைப் போல ஒரு புள்ளி.

#7 முறிகண்டி

ரீச்சர் சொன்னதோட சேர்த்து ஒரு எச்சரிக்கை. பல்மானியில "முடிவிலி" எண்டு வாறதை ஒருதரும் கணித முடிவிலியா எடுக்கக்கூடாது. தடை அளக்கிற இடத்தில வைச்சு முனையை விட்டுப்பிடிச்சால் திரையில "ஓ.எல்." எண்டோ இடப்பக்கத்தில தனிய "1" எண்டோ வரும். அதின்ர கருத்து "என்ர வீச்சுக்கு மேல" எண்டது மட்டும்தான். மலிவான மானியில ஆகக்கூடின வீச்சு 2 மெகா ஓம். 3 மெகா ஓமுக்கும் அதே "1", அறுந்த வயருக்கும் அதே "1".

இது எங்க பிழைக்கும் எண்டால் தண்ணிப் பம்பு மோட்டர் சுற்றுக் கம்பிக்கும் உடலுக்கும் இடையில பார்க்கேக்கை. மானி "1" காட்டினால் காப்பு நல்லம் எண்டு விடக்கூடாது. மானி ஒரு சில வோல்ற்றிலதான் பார்க்குது, மோட்டர் ஓடுறது 230 இல. ஈரம் பிடிச்ச காப்பு குறைஞ்ச அழுத்தத்தில நல்லதைப்போல நிண்டு, கூடின அழுத்தத்தில கசியும். 500 வோல்ற் நேரோட்டம் குடுக்கிற மெகரால (காப்புத் தடை அளக்கிற மானி) பாருங்கோ. 1 மெகா ஓமுக்குக் கீழ எண்டால் காய வைக்காமல் ஓட்டக்கூடாது.

ரீச்சரின்ர தலைகீழ்ச் சங்கதி இதிலயும் உண்டு. சமாந்தரத் தடையில 1/தடை தானே கூட்டுறம். திறந்த சுற்றின்ர தடை முடிவிலி, கடத்துதிறன் 0. கூட்டினால் ஒண்டும் மாறாது.

#8 அறிவியல்நகர்

"என்ர வீச்சுக்கு மேல" எண்டது கணினிக்கும் பொருந்தும். 10⁴⁰⁰ முடிவுள்ள எண். ஆனா பெட்டிக்குள்ள அதுவும் முடிவிலிக் குறிதான். உண்மையான முடிவிலியும் நிரம்பி வழிஞ்சதும் ஒரே வடிவத்தில இருக்கும், பிறகு பிரிச்சறியேலாது.

நிரல் எழுதிற பிள்ளையளுக்கு ஒரு பயன்படு உதாரணம். மாங்குளத்தில இருந்து ஒவ்வொரு ஊருக்கும் ஆகக் குறைஞ்ச வீதித் தூரம் காணுற நிரலில, தொடங்கேக்கை மாங்குளத்துக்கு 0, மற்ற எல்லா ஊருக்கும் முடிவிலி போடுவம். "இதுவரை கண்ட பாதை இல்லை" எண்டது அதின்ர கருத்து. மல்லாவிக்கு ஒரு பாதை கிடைச்ச உடனை அது முடிவிலியை விடக் குறைவு, மாத்தி எழுதுவம். முடிவில ஒரு ஊருக்கு இன்னும் முடிவிலி நிண்டால் அங்க போகப் பாதையே இல்லை. கூட்டுறதும் ஒப்பிடுறதும் மட்டும்தான் நடக்குது, கழித்தல் இல்லை, அதால எங்கயும் இடறாது.

இடறுறது, முடிவிலிக்குப் பதிலா முழு எண் வகையில ஆகப்பெரிய எண்ணைப் போடேக்கை. 32 பிற்றில அது 2,147,483,647. அதோட 1 கூட்டினால் சீ மொழியில என்ன நடக்கும் எண்டு மொழி உறுதி தரேல்லை. ஜாவாவில உறுதியா −2,147,483,648 ஆகும். உடனை அது "ஆகக் குறைஞ்ச தூரம்" ஆகி எல்லாப் பாதையும் குழம்பும். ∞ + 1 = ∞ எண்ட குணம் இருக்கிறதாலதான் உண்மையான முடிவிலி அங்க தேவைப்படுது. 1 = 0 நிறுவலில தொல்லை தந்த அதே குணம்.

#9 நெடுங்கேணி

நன்றி ரீச்சர், வில்லை விளங்கீற்று. இன்னொண்டு. 1 + 2 + 3 + 4 + … = −1/12 எண்டு இராமானுஜன் எழுதினவர் எண்டு எல்லா இடமும் வருகுது. முடிவிலி வரவேண்டிய இடத்தில மறைப் பின்னம் எப்பிடி?

#10 பம்பைமடு

எழுதியது உண்மை. 1913 இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றில் அந்த வரி இருக்கிறது. அப்படி எழுதினால் படிப்பவர் தன்னைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பப் பார்ப்பார் என்ற பொருளில் இராமானுஜனே அங்கே குறிப்பிடுகிறார். அதாவது அது வழக்கமான கூட்டுத்தொகை அல்ல என்பது எழுதியவருக்கே தெளிவு.

வழக்கமான கூட்டுத்தொகை என்பது பகுதிக் கூட்டுத்தொகைகளின் எல்லை: 1, 3, 6, 10, 15 … இது விரிகிறது. −1/12 வேறொரு வாயிலால் வருகிறது. 1 + 1/2ˢ + 1/3ˢ + … என்ற தொடர், (சிறிய எழுத்தில் மேலே இருக்கும் அந்த ˢ ஐ அடுக்கு என்று வாசிக்கவும்) அடுக்கு 1 ஐ விடப் பெரிதாக இருக்கும்போது ஒருங்கும். அதனால் வரையறுக்கப்படும் சார்பை, அதாவது ரீமானின் சீற்றா சார்பை, மற்ற இடங்களுக்கும் ஒரே ஒரு விதமாகத்தான் ஒழுங்காக நீட்டலாம். நீட்டிய சார்பு அடுக்கு −1 இல் எடுக்கும் பெறுமானம் −1/12. தொடரும் அடுக்கு −1 இல் 1 + 2 + 3 + … போலத் தோற்றமளிக்கும். சார்பின் பெறுமானத்தைத் தொடரின் பெயரால் அழைப்பதுதான் அந்த வரி.

இணையத்தில் சுற்றும் "தொடரை ஓர் இடம் தள்ளிக் கழி" என்ற நிறுவல்தான் ஆபத்தானது. அதை அதன் ஆயுதத்தாலேயே உடைக்கலாம்:

கூ = 1 + 2 + 3 + 4 + …
ஓர் இடம் தள்ளினால் கூ = 0 + 1 + 2 + 3 + …
கழித்தால் 0 = 1 + 1 + 1 + 1 + …
இதையும் ஓர் இடம் தள்ளினால் 0 = 0 + 1 + 1 + 1 + …
கழித்தால் 0 = 1 + 0 + 0 + 0 + … = 1

தள்ளுதல், உறுப்புக்கு உறுப்புக் கழித்தல் இரண்டையும் அனுமதித்தால், 1 + 2 + 3 + … க்கு −1/12 மட்டுமல்ல, எந்த முடிவுள்ள பெறுமானமும் கொடுக்க முடியாது. 1 − 1 + 1 − 1 + … க்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் பகுதிக் கூட்டுத்தொகைகள் 1, 0, 1, 0. சராசரி 1/2 ஐ அணுகும். தள்ளினாலும் கழித்தாலும் முரண்படாது.

#11 வட்டக்கச்சி

சேர், கழிச்சால் தகவல் தொலையுது எண்டது விளங்குது. அப்ப கன்ரர் முடிவிலியளைப் பெரிசு சிறிசு எண்டு வகுத்தவர் எண்டது? அது எண் இல்லையோ?

#12 பம்பைமடு

அவை எண்கள்தான், ஆனால் "எத்தனை?" என்பதும் "எத்தனையாவது?" என்பதும் அங்கே பிரிந்துவிடும்.

சங்கக்கடை வரிசையை எடுங்கள். 1 ஆம் ஆள், 2 ஆம் ஆள் என்று முடிவில்லாமல் நிற்கிறார்கள். ஒருவர் வந்து முன்னால் நுழைந்தால் ஒவ்வொருவரும் ஓர் இடம் பின்னுக்குப் போவர், வரிசையின் வடிவம் மாறாது. அவரே எல்லோருக்கும் பின்னால் நின்றால் வடிவம் மாறிவிடும்: அவருக்கு முன்னால் முடிவில்லாத பேர், ஆனால் "எனக்கு நேர் முன்னால் நிற்பவர் இவர்" என்று காட்ட ஆள் இல்லை. ஆகவே வரிசை எண்ணில் 1 + ஒமேகா = ஒமேகா, ஆனால் ஒமேகா + 1 வேறு. கூட்டலில் இடம் மாற்றும் விதி போய்விட்டது. ஆள் தொகையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே, அந்தத் தொகைக்குப் பெயர் அலெப்-பூச்சியம்.

அதைவிடப் பெரியது உண்டு என்பதற்கு 1891 இல் கன்ரர் கொடுத்த மூலைவிட்ட நிறுவல்: 0 க்கும் 1 க்கும் இடைப்பட்ட மெய்யெண்களை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதிவிட்டோம் என்று வைக்க. முதலாம் எண்ணின் முதலாம் தசமதானம், இரண்டாம் எண்ணின் இரண்டாம் தசமதானம் என்று மூலைவிட்டமாக இறங்குக. அந்த இலக்கம் 4 என்றால் 5 எழுதுக, மற்றப்படி 4 எழுதுக. கிடைக்கும் எண் பட்டியலில் எந்த எண்ணோடும் ஒத்துவராது. மாணவர் அடிக்கடி விடும் பிழை, "ஒன்றைக் கூட்டி எழுது, 9 என்றால் 0 எழுது" என்பது. 0.4999… உம் 0.5000… உம் ஒரே எண் ஆதலால் இலக்கம் வேறுபட்டும் எண் ஒன்றாக இருந்துவிடலாம். 4, 5 மட்டும் பாவித்தால் அந்த ஓட்டை அடைபடும்.

இந்த இரண்டு முடிவிலிகளுக்கும் இடையில் இன்னொன்று உண்டா என்பதைத் தொடைக் கோட்பாட்டின் வழக்கமான வெளிப்படை உண்மைகளைக்கொண்டு தீர்மானிக்கவே முடியாது. இல்லை என்று நிறுவமுடியாது என்பதை 1963 இல் கோகன் காட்டினார். உண்டு என்று நிறுவமுடியாது என்பதை அதற்கு முன்பே கேடல் காட்டியிருந்தார்.

அண்ணையின் கணக்குக்கு இவை உதவா. உதவுவது 1960 களில் ஏபிரகாம் ரொபின்சன் அமைத்த மிகைமெய்யெண்கள். அங்கே எந்த இயற்கை எண்ணையும் விடப் பெரிய ஓர் எண் மு இருக்கிறது; மு + 1, மு ஐ விடப் பெரிது; மு − மு = 0; கூட்டல், பெருக்கல் விதிகள் ஒன்றும் கெடாது. போட்டுப் பார்த்தால்:

√(மு² + 6மு) − மு = 6 ÷ (√(1 + 6/மு) + 1)

இது 3 ஐ விட மிகச் சிறிதளவு, ஏறக்குறைய 4.5/மு அளவு, குறைந்தது. அருகிலுள்ள மெய்யெண் 3, அதுவே எல்லை. அறிவியல்நகர் தம்பி போட்ட 2.99955 இல் 10,000 க்குக் குறைவு 0.00045, அதாவது 4.5/10,000. அதே குறைவுதான். இங்கே கொடுக்கும் விலை வேறு: "∞" என்ற ஒரே முடிவிலி இல்லை, எண்ணற்றவை உண்டு, ஆகப்பெரியது இல்லை.

#13 வட்டக்கச்சி

அப்ப ரெண்டாவது வகைப் பிள்ளைக்கும் இதில மறுமொழி இருக்கு. 6க ஐ விட்டது விகிதத்தில சின்னப் பிழை; க = 10,000 இல √(க² + 6க) ஐ 10,003 க்குப் பதிலா 10,000 எண்டு எடுத்தது, ஆயிரத்தில ஒரு பங்குகூட இல்லை. ஆனா பெரியதையெல்லாம் கழிச்சுப்போட்டால் மிஞ்சுறது அந்த 3 மட்டும்தான். பெருக்கல் வகுத்தலில சின்னதை விடலாம், கழித்தலில விட்டால் விடையையே விட்டமாதிரி. ரெண்டாம் வகைக்கு இந்தக் குறிப்பையும், முதலாம் வகைக்குப் பம்பைமடு சேர் சொன்ன "வடிவம் விடையைத் தீர்மானிக்காது" எண்டதையும் எழுதுறன்.

"6/∞ = 0" எண்ட வரியை "க → ∞ ஆகும்போது 6/க → 0" எண்டு எழுதச் சொல்லுறது நல்லம் எண்டு நினைக்கிறன். முழுப்புள்ளியைக் குறைக்கிறேல்லை.

#14 நெடுங்கேணி

சேர், ஒரு சந்தேகம். அறிவியல்நகர் அண்ணா தந்த சுருக்கின வடிவத்தில க வுக்கு மறை முடிவிலியைப் போட்டுப் பார்த்தன். அதுவும் 3 எண்டு வருகுது. ஆனா முதல் கோவையில க = −100 போட்டால் √9400 + 100, அது 196.95. க = −10,000 இல 20,000 க்குக் கிட்ட வருகுது. அது 3 க்குப் போகேல்லையே?

#15 அறிவியல்நகர்

தம்பி சரியாப் பிடிச்சிருக்கிறீர். பிழை முடிவிலியில இல்லை, நான் சுருக்கின விதத்தில. 6க ÷ (√(க² + 6க) + க) எண்ட வரியில மேலயும் கீழயும் க வால வகுக்கேக்கை √(க²) = க எண்டு எடுத்திருக்கு. அது க நேர் எண்டால் மட்டும் சரி. க மறை எண்டால் √(க²) = −க. அப்ப வடிவம்

6 ÷ (1 − √(1 + 6/க))

க = −100 இல இது 196.95, உங்கட விடையோட ஒத்துவருகுது. க → −∞ ஆகேக்கை பகுதி நேர்ப் பக்கத்தால 0 க்குப் போகும், எல்லை +∞. இந்த வடிவத்தில மறை முடிவிலியைப் போட்டால் பைதன் "பூச்சியத்தால் வகுத்தல்" எண்டு வழு காட்டும், ஜாவாஸ்கிரிப்ற் முடிவிலி எண்டு தரும். ஆனா ஜாவாஸ்கிரிப்ற் தாற நேர்க்குறியை நம்பவேண்டாம்: 1 − 1 ஐ அது எப்பவும் நேர்ப் பூச்சியமாத்தான் எடுக்கும். இந்த இடத்தில பொருந்தி வந்திருக்கு. பகுதி மறைப் பக்கத்தால 0 க்கு வாற கணக்கில அதே குறி பிழையான விடை தரும். க = −100, −1000 எண்டு ரெண்டைப் போட்டுப் பகுதியின்ர குறியைப் பார்த்துத்தான் எழுதவேணும்.

#16 வட்டக்கச்சி

அடுத்த பயிற்சித்தாளில க → −∞ ஐயும் அதே கோவைக்குப் பகுதி (ஆ) ஆச் சேர்க்கிறன்.